சிப்பிப் பள்ளத்தில் பாடு

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சவுட்டு மண் பள்ளத்தில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மதியம் கடல் வந்து போகிறது. மேம்பாலத்துக்கு மண் எடுத்துவிட்டு அப்படியே போட்ட பள்ளம் அது. அடியில் வெள்ளை வெளேரென்று முழங்கால் உயரத்துக்குச் சிப்பிப் படுகை. கடல் முதல் தடவை வந்த அன்று தக்காளி கிலோ முப்பது ரூபாய். முதலில் உப்பு வாடை வந்தது, பிறகு சிப்பிகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் வந்தது, பிறகு அலை. பள்ளம் ஒரு கல்யாண மண்டபம் அளவுதான். ஆனால் கடல் ஏறிவிட்டால் எதிர்க்கரை தெரியாது. சாயங்கால ஷிஃப்ட் பஸ் வருவதற்குள் வடிந்துவிடும், தரையில் சொட்டு ஈரம் இருக்காது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். புதுவாயலில் டீ பதினைந்து ரூபாய் ஆனதையும்தான் முதலில் யாரும் நம்பவில்லை.

கொஞ்ச நாள் கூட்டம் அள்ளியது. லாரிக்காரர்கள் இறங்கி வந்து செல்ஃபி எடுத்தார்கள். படத்தில் வெறும் பள்ளம்தான் விழுகிறது என்று திட்டிக்கொண்டே போனார்கள். அப்புறம் அவரவருக்கு அவரவர் வேலை. அதைக் கடலாகவே எடுத்துக்கொண்டவர்கள், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை விட்டு ஃபேக்டரி வேலைக்கு வந்து அந்த லைன் வீடுகளில் குடியிருந்த சில குடும்பங்கள் மட்டும்தான். தண்ணீரைப் பார்த்ததும் அவர்கள் வலையைத் தேடவில்லை, முதலில் பாடு போட்டார்கள். இன்றைக்கு இந்த வீடு, அடுத்த முறை அந்த வீடு என்று சீட்டு எடுத்து, முறை வைத்து வலை விடுவதற்குத்தான் ஏரிக்கரையில் பாடு என்று பேர். அடுத்தவர் பாடு நாளில் தண்ணீருக்குள் காலை வைப்பது அடுத்தவர் சட்டிக்குள் கையை விடுவதற்குச் சமம். உயிரே போனாலும் செய்ய மாட்டார்கள். சீட்டு எடுக்கும் பொறுப்பு அவர்களில் ஒருவனான முரளிக்கு. மீனும் கிடைத்தது. மடவை கிடைத்தது, சில நாள் யாருக்கும் பேர் தெரியாத மீன் கிடைத்தது. பேர் தெரியாத மீனுக்கு விலை சொல்ல முடியாது என்பதால் அதை வீட்டிலேயே குழம்பு வைத்தார்கள்.

முரளியின் தம்பி துலுக்காணம். கம்பி ஆலையில் ஹெல்பர். கட்டாந்தரையில் படுத்தால் உடம்பு ஆடவே மாட்டேன் என்கிறது, எப்படித் தூங்குவது என்று தினமும் புலம்புகிற ஆள். தன் பாடு வந்த அன்று அப்பா காலத்துப் படகைக் குப்பத்திலிருந்து குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இறங்கிப் போனான். மனைவி சம்பூர்ணம் கரையில் நின்று பார்த்தாள். படகு சின்னதாகி, புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போயிற்று. தண்ணீர் வடிந்ததும் பள்ளத்தில் படகும் இல்லை, ஆளும் இல்லை. போலீஸ்காரர் வந்து நாலு பக்கமும் பார்த்தார். "தண்ணியே இல்லாத எடத்துல எப்டிம்மா முழுகுவாரு?" என்று கேட்டு, காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

முரளி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து, ஏரிக்கரை வழக்கப்படி தம்பி வீட்டுச் சீட்டைக் குலுக்கலிலிருந்து நீக்கிவிட்டான். ஆண் இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. அதில் அவனுக்கு வஞ்சம் ஒன்றும் இல்லை, அவன் அப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார். அன்றிலிருந்து சம்பூர்ணம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பேக்கிங் கம்பெனியில் லீவு போட்டுவிட்டுக் கரையில் வந்து உட்கார்ந்தாள். இறங்கித் தேடிப் போகவேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கும். ஆனால் தண்ணீர் அன்றைக்கு இன்னொரு வீட்டுக்குச் சொந்தம். அவளும் குப்பத்தில் பிறந்தவள்தானே. பக்கத்து வீட்டு துர்காதேவி, "பேஜாரு புடிச்ச பொழப்பு இது, வேற ஒருத்தர கட்டிக்கோயேன்" என்பாள். "அவரு சாவல. வரல. ரெண்டும் வேற" என்பாள் சம்பூர்ணம். அப்படியே மூன்று வருடம் போயிற்று. வாடகை இரண்டு தடவை ஏறியது.

இந்த நேரத்தில்தான் கல்லூரியில் நிலவியல் சொல்லித்தரும் ஜெபா வந்தார். கடலைப் பார்த்து அவர் வாயைப் பிளக்கவில்லை. "ஏற்கெனவே இருந்த இடம்தானே, வருது" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கன்வாடியில் எல்லோரையும் உட்கார வைத்து, மேலே களிமண், அதன் கீழே மணல், அதற்கும் கீழே சிப்பி என்று பள்ளத்துச் சுவரைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆறாயிரம் வருடத்துக்கு முன்னால் கடல் இதுவரைக்கும் வந்து நின்றது, மெல்ல மெல்லப் பின்வாங்கிப் போயிற்று. உங்கள் போர்வெல்லில் உப்பு ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, இது தெரிந்தால் எங்கே போர் போடலாம், எங்கே கூடாது என்று நீங்களே சொல்லலாம் என்றார். சம்பூர்ணத்துக்கு ஒரே கேள்விதான். "பின்னால போன கடலு எங்க மேடம் நிக்குது? நடந்தா எட்டுமா?" "எனக்குத் தெரியலம்மா. ஆனா இந்தப் பள்ளத்தை மூடிட்டா அது வர்றதுக்கு வேற வழி இல்ல. அது மட்டும் தெரியும்" என்றார் ஜெபா.

மூடத்தான் இருந்தார்கள். ஆலைச் சாம்பலைக் கொட்டி நிரவி, லாரி நிறுத்துமிடம் ஆக்குவதாகப் பேச்சு. ஜெபா அலையாய் அலைந்து, இதைப் புவிப் பாரம்பரிய இடமாக அறிவிக்கும் தீர்மானத்தைக் கிராம சபைக்குக் கொண்டுவந்தார். பள்ளத்தை ஒட்டிய எல்லா வீடும் சம்மதிக்க வேண்டும், பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்றார்கள் சபையில். "பாடு போட்டுக் காவல் காக்கறோம் சார்" என்று முரளி எழுந்து சொன்னான். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சம்பூர்ணத்தின் முறை வந்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முரளியைப் பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்குப் பாடு குடு மாமா. அப்பறம் போடறேன்."

"இன்னாம்மா இது, பொம்பளைக்கு ஏது பாடு? குப்பத்துல கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். மூணு வருசமா அழுதுக்கினு இருந்தேனே, அப்ப யாரு வந்து கேட்டாங்க?"

"நீ போடலன்னா பள்ளத்த மூடிடுவாங்க. அப்பறம் எம் தம்பி வர்றதுக்கு வழியே இருக்காது, யோசி."

"தெரியும் மாமா. எறங்கித் தேட முடியாத கடலு இருந்தா இன்னா, மூடுனா இன்னா?"

வெறும் வாய்ச் சவடால் இல்லை அது. அந்தப் பள்ளம் போனால் அவளுக்கு எல்லாமே போச்சு. முரளி ஒரு துண்டுக் காகிதம் வாங்கி, துலுக்காணம் வீடு என்று எழுதிச் சீட்டோடு சீட்டாகப் போட்டான். சம்பூர்ணம் கையெழுத்துப் போட்டாள். தீர்மானம் நிறைவேறியது, எல்லோருக்கும் போண்டா கொடுத்தார்கள்.

அடுத்த அமாவாசையே அவள் பாடாக விழுந்தது. லைன் வீடு மொத்தமும் கரைக்கு வந்துவிட்டது. தண்ணீர் ஏறியது. சம்பூர்ணம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு இறங்கினாள். கூப்பிட வாயைத் திறப்பதற்குள் கோல் போடுகிற சத்தம் கேட்டது. துலுக்காணம் அதே கம்பெனிச் சட்டையோடு படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் அவன் நெஞ்சில் மாறி மாறிக் குத்தினாள். "எங்கய்யா போன? மூணு வருசம்யா!" அவன் ஒன்றும் புரியாமல் அண்ணனைப் பார்த்தான். "நான் எங்கயும் போவல. தண்ணி ஏறும்போதெல்லாம் கரையாண்ட வரைக்கும் வருவேன். யார்னா வலை வுட்டுக்கினு இருப்பாங்க. நீ குந்திக்கினு இருக்கறதக்கூட பாத்தேன். எங்க பாடு வரலயே, எப்டி உள்ள வர்றது? வரட்டும்னு திரும்பிடுவேன்" என்றான். முரளி நின்ற இடத்திலேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். தம்பி காலைப் பிடிக்கப் போனவனைத் தம்பிதான் தூக்கினான்.

ஆலையில் துலுக்காணத்துக்கு வேலை போயிருந்தது. பள்ளத்தைப் பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இப்போது அவன்தான் ஜெபாவோடு சேர்ந்து சிப்பிப் படுகையைக் காட்டுகிறான். கடல் வழக்கம்போல வந்து போகிறது. அதன் பிறகு முரளி எந்த வீட்டுச் சீட்டையும் நீக்குவதில்லை. போன மாதம் நாலாவது லைனில் இருக்கும் மேரி வந்து அவன் வாசலில் நின்றாள். மேரி வீட்டார் கடலுக்குப் போனவர்களே இல்லை, தலைமுறை தலைமுறையாக வயலில் கூலி வேலை செய்தவர்கள். போன வருடம் காய்ச்சலில் செத்துப்போன தன் மகள் ஷைனிக்கு ஒரு பாடு வேண்டும் என்றாள். முரளி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பேரை மட்டும் சரியாகக் கேட்டு எழுதிச் சீட்டில் போட்டான்.

வருகிற பௌர்ணமி ஷைனியின் பாடு. அன்றைக்கு யாரும் தண்ணீரில் வலை விட மாட்டார்கள்.