பங்குதாரரின் சம்மதம்

தணிகாசலம் கம்ப்யூட்டர் சென்டரை மூடிய அன்று, அங்கிருந்த அறுபத்தைந்தாயிரம் இன்டர்நெட் எண்களும் அவருடைய மொபெட்டுக்குப் பின்னாலேயே வந்து வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் அரிசி அளவு இருந்தது. திருப்பதி அலிபிரித் தெருவில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்கள் பார்த்துவிட்டு, லாரி வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இன்டர்நெட் வலையில் ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்று கண்டுபிடிக்க வீட்டு நம்பர் மாதிரி ஓர் எண் வேண்டும். தொண்ணூற்று மூன்றில், நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்து சென்டர் திறந்த தணிகாசலம், எண்களை வழங்கும் பதிவகம் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த அந்தக் காலத்தில் ஒரு விண்ணப்பம் போட்டு இவற்றை வாங்கினார். திருப்பதியில் தொழில் தொடங்குகிறவர்கள் பெருமாளைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வார்கள், அவரும் சேர்த்தார். பெருமாள் இருக்கும்போது தன் பெயரை முன்னால் போட மனம் வராமல், பொறுப்பாளர் சீனிவாசன், திருமலை என்று எழுதிவிட்டு, உதவியாளர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

முதலில் எண்களுக்கு எடையே இல்லை. உலகத்தில் புது எண்கள் தீரத் தீர, மாடியில் கிடந்தவை கனத்தன. பாரம் தாங்காமல் மச்சு வருஷத்துக்கு வருஷம் இறங்கியது. தணிகாசலம் குள்ளம், தப்பித்தார். அவர் மனைவி ஜெயம்மா நெடுநெடுவென்று வளர்ந்தவள். கொஞ்ச வருஷத்தில் அவள் சொந்த வீட்டுக்குள் நாற்று நடுகிறவள் மாதிரி குனிந்தே நடந்தாள். அதைப் பார்க்கமுடியாமல் அவர் எண்களைத் தள்ளிவிட ஆள் தேடினார்.

ஊரில் ஒரு மருத்துவமனைக்கு எண்கள் தேவைப்பட்டன. அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்த ஹரிபாபு, விலைக்குக் கொடுத்தாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார். தணிகாசலம் கடல் கடந்த பதிவகத்துக்கு எழுதினார். பழைய எண்களைக் கைமாற்ற விதியே கிடையாது என்று பதில் வந்தது. சில வருஷம் கழித்து விதி வந்தது. வாங்குகிறவர் தேவையை நிரூபிக்கவேண்டுமாம். ஹரிபாபு நிரூபித்தார். உடனே விதி மாறியது. பொறுப்பாளரின் சம்மதமும் அடையாளச் சான்றும் வேண்டுமாம். பங்குதாரர் பெருமாள் என்று தணிகாசலம் விளக்கி எழுதினார். நன்றி, திரு பெருமாள் சீனிவாசனின் பாஸ்போர்ட் நகலை அனுப்பவும் என்றார்கள். அன்று அவர் மலையைப் பார்த்துத் திட்டிய திட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி இருந்தது.

டாலஸில் வேலைக்குப் போயிருந்த மகள் யாமினி போனில், "நைனா, வீட்ட வித்துட்டு இங்க வந்துடுங்க" என்றாள். மச்சு இறங்கிய வீட்டை எவன் வாங்குவான் என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, திரு சீனிவாசன் மலையிறங்கிப் பதிவகத்துக்கு நேரிலேயே போய்க் கையெழுத்துப் போட்டார். அன்று அவர்களுக்கு விடுமுறை. அதனால் அவர் காரியம் ஒன்றும் நிற்கவில்லை. திங்களன்று மெயில் வந்தது. பொறுப்பாளரின் அடையாளம் முழுத் திருப்தி. உதவியாளர் என்று சொல்லிக்கொள்ளும் தணிகாசலம் யார் என்பதற்கு மட்டும், கம்பெனி தன் முத்திரையோடு கடிதம் தரவேண்டும். கம்பெனி என்றிருந்த சென்டரை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது.

தணிகாசலம் வாய்விட்டுப் படித்தார். ஜெயம்மா குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமியக் கூட நம்பிட்டாங்கோ. நீ யாருன்னுதான்யா தெரியலியாம்" என்றாள்.

அவர் பதில் எழுதவில்லை. நேரே போய் ஒரு கடப்பாரை வாங்கிவந்து தரையைப் பெயர்க்க ஆரம்பித்தார். தீபாவளிக்குள் கூடமும் சமையலறையும் முழங்கால் ஆழத்துக்கு இறங்கின. ஜெயம்மா உள்ளே இறங்கி, முதலில் தோளை நிமிர்த்தி, பிறகு கழுத்தை நிமிர்த்தி, அடுப்பு வரைக்கும் நடந்து பார்த்தாள். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் மச்சு எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவு தரையைத் தோண்டிக்கொள்கிறார்கள். வாசலில் இப்போது படிகள் உள்ளே இறங்குகின்றன. வருகிறவர்களிடம் பார்த்து வரச் சொல்கிறார்கள்.