மாமனார் காற்று பட்ட சவ்வு

சாயப்பட்டறை முதலாளி சோதனை பார்க்க வருவதாகச் சொன்ன நாள் வந்துவிட்டது. ஒரு பக்கம் சிவப்புச் சாயக்கழிவை விட்டால், மாப்பிள்ளை செய்த வடிகட்டும் சவ்வு வழியாக மறுபக்கம் தெளிந்த தண்ணீர் வர வேண்டும். இதுவரை வந்ததெல்லாம் கொஞ்சம் வெளுத்த சிவப்புதான்.

"இந்தத் தடவையும் தேறலைன்னா பேசாம நம்ம இரும்புக்கடைக்கு வந்துடுங்க. ஆணி எடை போட ஆள் வேணும்" என்று மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். நாளெல்லாம் அந்த மனிதரின் கண்ணெதிரில் ஆணி எடை போடுவதற்கு இந்தச் சாயக்கழிவையே குடித்துவிடலாம் என்று இவனுக்குத் தோன்றியது.

கடையில் சவ்வு யானை விலை, குதிரை விலை. இவனோ உடைந்த பிளாஸ்டிக் குழாய்களைப் பொறுக்கி வந்து, ரசாயனத்தில் கரைத்துக் கூழாக்கி, கண்ணாடிமேல் மெல்லிசாக இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவான். கூழ் வெள்ளைத் தாளாக உறையும். அந்தக் கண்ணாடி மனைவியின் அலமாரிக் கதவிலிருந்து கழற்றியது. அவள் இப்போதெல்லாம் செல்போனில் முகம் பார்த்துத்தான் தலை வாருகிறாள்.

இந்த வேலை நடக்கும் வீட்டுக் கொட்டகையில் ஒரே சட்டம்: கூழ் இழுத்தால் மின்விசிறி ஓடக் கூடாது. தூசி விழுமாம், கூழ் நெளியுமாம். பெரிய விஞ்ஞானி!

அன்று வேவு பார்க்க வந்த மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கூழை இழுத்து முடித்தவன், தொட்டியில் தண்ணீர் போதவில்லை என்று வாளியோடு போனான். திரும்பி வந்தால் மின்விசிறி தலைதெறிக்கச் சுற்றுகிறது. கீழே சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு மாமனார் சொக்கிக் கிடக்கிறார்.

"மாமா!"

"என்ன மாப்பிள்ளை, மனுசன் வெந்து சாகணுமா?"

வேறு கூழ் இல்லை. விதியே என்று அதையே அமிழ்த்தினான்.

முதலாளி வந்தார். பம்பு உறுமியது. மறுபக்கம் டம்ளரில் சொட்டியது தெளிந்த தண்ணீர். சிவப்பு மருந்துக்கும் இல்லை.

"குழாய்த் தண்ணி எதுவும் கலக்கலையே?" என்று முதலாளி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எப்படிப் பண்ணீங்க?"

இவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றுபட்டுக் கூழின் மேல்பரப்பு காய்ந்து இறுகியதில் துளைகள் சிறுத்துவிட்டன. இத்தனை மாதம் கொட்டகையில் புழுங்கிச் செத்தது வீண். எல்லாம் தன் மூளைதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கதவோரம் நின்ற மனைவி தொண்டையைச் செருமினாள்.

"மாமாதாங்க ஃபேன் போட்டாங்க" என்றான்.

"அப்ப இதே மாதிரி நூறு சவ்வு வேணும். எதையும் மாத்திடாதீங்க."

இவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆணி போயிற்று, தராசு போயிற்று, பிழைத்தோம் என்று மூச்சு விட்டான். மாமனார் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"முதலாளி சொல்றதுதான் சரி, எதையும் மாத்தக் கூடாது. கடையைத் தம்பி பாத்துக்குவான். நாளையிலேருந்து ஃபேன் போட காலையிலயே நான் இங்க வந்துடுறேன். நேரத்துக்கு வந்து சேருங்க, மாப்பிள்ளை."