குடை விலைக்கு இல்லை

கடைத்தெருவைக் குழாய் போடத் தோண்டிவிட்டதால் சூசின் தன் நூடுல்ஸ் கடைக்கு ஐந்து நாள் பூட்டுப் போட்டாள். வீட்டில் சும்மா உட்கார அவளுக்கு வராது. சீனாவின் வடமேற்கில் இருக்கும் கன்சுவிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்கார்ந்தே வந்து, ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஷாங்காயில் இறங்கினாள். எதைப் பார்த்தாலும் நின்று விசாரிக்காமல் நகரமாட்டாள். அன்று காலையில் மட்டும் ஒரு தபால்காரரையும், நாய்க்கு நாலு காலிலும் செருப்பு மாட்டி நடத்திப்போன ஒருவரையும் நிறுத்திக் கேட்டாகிவிட்டது.

ஆற்றங்கரைக்குப் போகத்தான் மெட்ரோ ஏறினாள். மக்கள் சதுக்கம் நிலையத்தில் வண்டி மாறுவதற்குப் பதிலாக, இருபது வாசல்களில் ஏதோ ஒன்றின் வழியாக வெளியே வந்துவிட்டாள். எதிரே பூங்கா. சுள்ளென்று வெயில். பாதையின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கான குடைகளை விரித்துத் தரையில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தாள், பின்னால் முக்காலியில் ஒரு பெரியவரோ பெரியம்மாவோ. மழையே இல்லாத நாளில் இவ்வளவு குடை வியாபாரமா?

நீலக் குடை ஒன்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"இது என்ன விலைண்ணே?"

அதன் பின்னால் தேய்த்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் தாவோ அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடை விலைக்கு இல்லம்மா. தாளைப் படிங்க."

குனிந்து படித்தாள். பெண், முப்பத்து மூன்று வயது. உயரம் ஒரு மீட்டர் அறுபத்தைந்து. மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை. சாந்தமான சுபாவம். சமையலில் ஆர்வம்.

"அட, கல்யாணத்துக்கா! இத்தனை குடையுமா?"

"இத்தனையும்தான்."

"எத்தனை நாளா உக்கார்றீங்க?"

"மூணு வருஷமா. சனிக்கிழமை தவறாம."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

தாவோ குடைமேல் இருந்த தாளை நேராக்கி வைத்தார். "உங்களுக்குப் பையன் இருக்கானா?" என்றார்.

"ரெண்டும் பொண்ணு. கட்டிக் கொடுத்தாச்சு."

"அப்ப எதுக்கு இவ்வளவு கேள்வி?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒரு அஞ்சு நிமிஷம் இங்க உக்காருங்க. கழிப்பறையில வரிசை நீளம். மாப்பிள்ளையோட அம்மா யாராவது வந்தா நம்பர் வாங்கி வைங்க."

சூசின் உட்கார்ந்தாள். சுருள்முடி அம்மாள் ஒருத்தி வந்து, "பொண்ணு எப்படி?" என்றாள்.

"எனக்குத் தெரியாதுங்க, நான் ஊருக்குப் புதுசு. அப்பா நல்லவராத்தான் தெரியறாரு."

அந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்து முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண், கையிலிருந்த போனையும் குடைகளையும் மாறி மாறிப் பார்த்தபடி வந்தாள். நீலக் குடை முன் நின்று இரண்டு தடவை படித்தாள்.

"நீ யாரு கண்ணு? மாப்பிள்ளைக்குத் தங்கச்சியா?"

"இல்லக்கா. இதுல எழுதியிருக்கற பொண்ணே நான்தான்."

சூசின் விருட்டென்று எழுந்தாள்.

"அப்பா செஸ் ஆடப் போறேன்னு சொல்லிட்டு வாராவாரம் இங்க வந்துட்டிருக்காரு. மாடி வீட்டு அக்கா இன்னைக்கு இந்தக் குடையைப் படம் எடுத்து அனுப்பினாங்க" என்றாள் அந்தப் பெண், யீவென்.

"கோவமா?"

"வர்ற வழியெல்லாம் இருந்துச்சு. இதைப் பாருங்க, சமையல்ல ஆர்வமாம்! எனக்கு வெந்நீர்தான் வைக்கத் தெரியும். உயரத்துல மூணு சென்டிமீட்டர் கூட்டியிருக்காரு."

"சாந்தம்?"

யீவென் அவளை முறைத்தாள். பிறகு இருவருமே சிரித்தார்கள். சூசின் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "பொய்யா இருந்தா நீயே திருத்திடு."

யீவென் மண்டியிட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே தாவோ ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, பத்தடி தள்ளி அப்படியே நின்றுவிட்டார். அக்கம்பக்கத்துக் குடைகளில் பேச்சு அடங்கியது.

"செஸ் ஆட்டத்துல யாருப்பா ஜெயிச்சா?"

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். உயரம் ஒன்று அறுபத்திரண்டு. சாப்பாட்டில் ஆர்வம். கோபம் வரும், சீக்கிரம் போய்விடும். அவசரமில்லை.

"இப்படி எழுதினா எவன்மா வருவான்?"

"வர்றவன் தெரிஞ்சே வருவான்ல?"

சூசினால் பொறுக்க முடியவில்லை. "மூணு வருஷத்துல யாருமே வரலையாண்ணே?"

"வந்தாங்க. ஏழு பேர். எவனும் இவளுக்குச் சரிப்பட மாட்டான்."

"நான் பாக்காமலேயா?" என்றாள் யீவென்.

"நான் பாத்தேன்ல!" தாவோவின் குரல் தணிந்தது. "முதல் வருஷம் உனக்காகத்தான் வந்தேன். அப்புறம்... உங்கம்மா போனதுக்கப்புறம், இங்க உக்காந்தாதான் பேச ஆள் கிடைக்குது."

யீவென் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு தாளைக் கழற்றி நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "சனிக்கிழமை வாங்கப்பா. யார் வேண்டாங்கறா? தாள் மட்டும் வேண்டாம். இப்ப பசிக்குது."

அப்பாவும் மகளும் விடாமல் கூப்பிட்டதால் சூசினும் கூடப் போனாள். பக்கத்துச் சந்துக் கடையில் ஆவி பறக்கும் கொழுக்கட்டை வந்தது. ஒன்றைக் கடித்ததும் உள்ளேயிருந்து சூடான சூப் மோவாயில் வழிந்தது. மாவு வேகும்போது ஒழுகாமல் சூப் எப்படி உள்ளே போயிற்று? கடை வைத்திருக்கிறவளுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. சமையலறை ஜன்னலுக்குப் போய், சூப்பைக் குளிரவைத்துக் கட்டியாக்கி மாவுக்குள் மடிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் திரும்பினாள்.

அதற்குள் தாவோ அந்த ஏழு பேரில் நாலாவது ஆள் வரைக்கும் வந்திருந்தார்.

"அவனுக்கு என்னப்பா குறை? நல்ல வேலைதானே?" என்று யீவென் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்கம்மா அதிகமா பேசுவா."

சூசின் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்படி என்னண்ணே பேசினா?"