இரண்டாவது கிடார்

எங்கள் வீட்டில் இரண்டாவது கிடார் வாசித்தது ஒரு டிலே பெடல், கிடாரோடு இணைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி. ரெண்டு சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். கோவில் பாட்டுக்குழுவில் என்னோடு இருந்த டின்டு கனடா போகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். கிடாரில் ஒரு கம்பியைத் தட்டினால் சற்றுப் பொறுத்து அதையே திருப்பிச் சொல்லும். சொல்லச் சொல்லத் தேயும். அது சொல்லி முடிப்பதற்குள் நான் வேறொன்றை வாசித்தால், ரெண்டு பேர் சேர்ந்து வாசிப்பதாகக் கேட்கும். நாளெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்த விரலுக்கு அதைவிடச் சுகம் எனக்குத் தெரியாது.

என் புருஷன் ஜின்சன் ஒரு நாள் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தவன் வாசலில் நின்று கேட்டிருக்கிறான். கதவை உதைத்துத் திறந்தான்.

"ரெண்டு கிடார் கேட்டுச்சு. எங்கடி அவன்?"

கட்டிலுக்கடியில் பார்த்தான். அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தான். நான் சிரித்துத் தொலைத்தேன். பெட்டியை மிதித்து வாசித்துக் காட்டினேன். சந்தேகம் தீர்ந்தது, அடி தீரவில்லை. முட்டாளானதற்கும் சேர்த்து அடித்தான். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். பக்கத்து வீட்டுச் செபமாலையக்கா டிவி சத்தத்தைக் கூட்டினாள். எஸ்டேட் லயத்தில் வரிசை வீடுகளுக்கெல்லாம் சுவர் பொது. அடி விழுந்தால் டிவி ஏறும்; அதுதான் எங்கள் சூரியநெல்லி நாகரிகம். அவன் கையைவிட அந்த டிவிமேல்தான் எனக்கு வெறுப்பு.

மாதா திருவிழா வந்தது. மாலை நாலு மணிக்கு மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கையும் கிடாரையும் பெட்டி வழியாகவே விட்டிருந்தேன். நாலு குழாய் ஸ்பீக்கர், நாலு லயத்தைப் பார்த்து. கீழே ஊருக்கெல்லாம் போடும் நேர்ச்சைச் சோறு வெந்துகொண்டிருந்தது.

கிடார் ரெண்டாகக் கேட்டதும் கீழே கூட்டத்தில் நின்ற வினோ அண்ணன் கத்தினார்: "டேய் ஜின்சா, ஒன் பொண்டாட்டிகூட வாசிக்கிறவன் மாட்டுனானாடா?"

ஊரே சிரித்தது. அப்படியானால் அன்றைக்கு வீட்டில் நடந்தது எல்லாருக்கும் கேட்டிருக்கிறது.

சிரித்தவர்களை விட்டுவிட்டு, ஜின்சன் மேடையேறி என்னை அறைந்தான்.

அறை ஸ்பீக்கரில் கேட்டது. மறுபடி கேட்டது. மறுபடி. கூடவே என் "ஐயோ". சத்தத்தைக் கூட்டி மறைக்க அங்கே டிவி இல்லை.

அது தேயத் தொடங்கியபோது எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தேயவா விடுவேன்? பெட்டியில் ஒரு திருகு உண்டு. முழுக்கத் திருப்பினால் சத்தம் தேயாது, ஏறும். குனிந்து திருப்பினேன். அவன் பெட்டியை உதைக்க வந்தான். அதன்மேல் கவிழ்ந்து படுத்தேன். விலாவில் உதைத்தான். மைக்கும் என்னோடு விழுந்து கிடந்ததால் ஒவ்வொரு உதையும் நூறு உதையாக மலைக்குப் போனது. வாயெல்லாம் ரத்தம். இன்னும் உதைடா, நல்லாக் கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

கீழே சிரிப்பு நின்றிருந்தது.

முதலில் ஏறியது செபமாலையக்கா. சோறு கிண்டிய நீளக் கரண்டியை அவன் முழங்கையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தமும் நூறாயிற்று. பின்னால் வந்த பெண்கள் அவனை முடியைப் பிடித்து மேடையிலிருந்து இழுத்துப் போட்டார்கள்.

அக்கா என்னைப் புரட்டினாள். "அடியே இன்பம், அத நிப்பாட்டுடி. தாங்க முடியல."

"வீட்ல அடிக்கும்போது கேக்கலையாக்கா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"கேட்டுச்சுடி. எல்லாம் கேட்டுச்சு."

மைக் அவள் முழங்காலருகே கிடந்தது. அவள் சொன்னது நாலு லயத்துக்கும் கேட்டது, மறுபடி கேட்டது. அதற்குப் பிறகுதான் திருகைக் குறைத்தேன்.