ஓப்பீர் முதல் சைமன் வரை

1

இக்கதை கற்பனையில் தோன்றியதன்று. கூலிக்கு எழுதிய ஒரு வம்சாவளியில் தோன்றியது. [‘கூலிக்கு’ என்பதை நீக்கிப் பார்த்தேன். வாக்கியம் அழகாயிற்று, பொய்யும் ஆயிற்று.] சாத்தாங்காட்டு இரும்பு வணிகர் சைமன், தம் முன்னோர் எபிரேய வேதத்தில் நோவாவின் வழிவந்த ஓப்பீரின் மக்கள் என்று நம்புபவர். அதைக் குடும்பவிழா மலரில் அச்சிட விரும்பினார். ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான் ஒப்புக்கொண்டேன்.

2

வேதம் ஓப்பீரின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது. சைமன் வீட்டு வேதப்புத்தகத்தின் முதல் தாளில் தலைமுறைதோறும் எழுதிவைத்த பெயர்களோ அவருடைய பாட்டனாரிடமிருந்துதான் தொடங்குகின்றன. இடைவெளி மூவாயிரம் ஆண்டு. அரை நாளில் நிரப்பினேன்.

[அடிக்குறிப்பு: தொண்ணூற்றொரு பெயர்கள். நாற்பதாவதற்குப் பின் என் பழைய வருகைப்பதிவேடு கைகொடுத்தது.]

அந்தத் தாளின் கடைசி வரிமேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. அடியில் இருப்பது மகள் ரெஜினாவின் பெயர் என்றார் சைமனின் மனைவி ஞானபாக்கியம். மூன்றாண்டுகளுக்கு முன், துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் அப்சலை மணந்து தண்டையார்பேட்டைக்குப் போனவள். மலரில் பெயருள்ளவர்களுக்கே விழா அழைப்பு. எப்படியாவது அவளைச் சேர்த்துவிடுமாறு கேட்டார்.

3

[இப்பகுதியை ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்று தொடங்கியிருந்தேன். பெய்யவில்லை.]

மெய்ப்புப் பார்க்கச் சைமன் ராயபுரத்திலுள்ள என் வீட்டுக்கு வந்தபோது, அப்சலையும் வரவழைத்திருந்தேன். கதாசிரியனுக்குரிய நுட்பமான சூழ்ச்சி என்று அதைக் கருதினேன். நோவாவில் தொடங்கிய பட்டியலை அப்சல் மேலிருந்து படித்தான்.

“நோவான்றவரு எங்க நூஹு நபிதான், மாமா. வெள்ளத்துல தப்பிச்சது ஒரே வூடு. அப்போ நீங்களும் நானும் பங்காளி. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

இங்கே சைமன் கண்கலங்குவதாக எழுதி அடித்துவிட்டேன். அவர் விரலை நோவாவரை ஏற்றினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“பங்காளின்னா இன்னும் மோசம்லா. பங்காளிக்குள்ள பொண்ணு குடுப்பாவளா?”

மதத்தால் மட்டும் ஏற்கப்படாதிருந்த மணத்துக்கு, முறைத்தடை ஒன்றையும் நான் சேர்த்துக் கொடுத்திருந்தேன்; தட்டச்சு செய்து, மூன்று படிகளில்.

அப்படிப் பார்த்தால் உலகத்தில் எவனுக்கும் கல்யாணம் நடந்திருக்காதே என்று அப்சல் சிரித்தான். சைமன் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்துபோகவும் இல்லை. தேநீரை முடித்த பின்பே செருப்பைத் தேடினார். வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார்.

“அவ பேரப் பத்தி எங்கிட்ட ஒண்ணுங் கேக்காதீங்க, சார். எழுதுறது நீங்கதான.”

4

முடிவு ஒன்று: ரெஜினா மெல்லப் படியேறி வர, தந்தை கதவைத்

[கைவிட்டேன். சைமன் வீடு தரைத்தளம்.]

முடிவு இரண்டு: பெயர் விடுபடுகிறது, பிழை அச்சகத்தின் தலையில் விழுகிறது. [நடை குற்றமற்றது. எழுதியவனைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.]

அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார்கள். பிறவாதவர்களை எவரையும் கேளாமல் பிறப்பித்த நான், பேருந்தில் இருபது நிமிடத் தொலைவில் உயிரோடிருப்பவளை எழுத அனுமதி தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் தந்தையைக் கேட்கக் கூடாது. ஆகவே உங்களைக் கேட்கிறேன்: எழுதட்டுமா?