பதினேழாம் போர்ட்

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பதினேழாம் கேபிள் துளையான பதினேழாம் போர்ட்டின் பிழை எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு அவள் திரையையே பார்த்தாள். நாற்பது, தொண்ணூறு, இருநூறு. நேற்றும் இதே நேரம், முந்தாநாளும். ஒன்றரைக்கு ஒன்றுமே நடக்காததுபோல் நின்றுவிடும். இயந்திரத்துக்கும் சாப்பாட்டு இடைவேளை உண்டா என்ன?

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்குத் 'துருவி' என்று பட்டப்பெயர். ஒரு சந்தேகம் கையில் அகப்பட்டால் தேங்காய் துருவுவதுபோல் ஓடு தெரிகிறவரை விடமாட்டாள். நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் இங்கே சேமிப்பில் விழுந்த மறுகணமே எதிர்க்கட்டடத்தில் இன்னொரு பிரதியாகப் பதிய வேண்டும். கேபிள்கள் வழியே அவற்றை அங்கே கொண்டு சேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகளைக் கண்காணிப்பது அவள் வேலை. பிழை கூடினால் பிரதி பின்தங்கும். அந்த நேரம் பார்த்து இங்கே சேமிப்பு படுத்துக்கொண்டால், யாரோ ஒருவரின் மூளைப்படம் இரண்டு இடத்திலும் இருக்காது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "பச்சை விளக்கு எரியுதுல்ல? அப்புறம் என்ன?"

"எரியுது சார். ஆனா நாப்பது நிமிஷம் பிரதி பின்தங்குது."

"துரும்பைத் தூணாக்காதீங்கம்மா."

அன்று மாலையே கேபிளை மாற்றினாள். மறுநாள் பன்னிரண்டு ஐம்பதுக்கு எண்கள் பழையபடி ஓடின. மண்டைக்குள் வண்டு குடைந்தது. அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டே முக்காலுக்கே சர்வர் அறைக்குள் போய், கடைசி ரேக்கின் ஓரமாக நின்றுகொண்டாள். மின்விசிறிகளின் இரைச்சலில் சொந்த மூச்சே கேட்கவில்லை.

கதவு திறந்தது. துப்புரவு செய்யும் பெண் உள்ளே வந்தாள். நேராக ஸ்விட்ச் ரேக்கின் பின்கதவைத் திறந்தாள். சூடான காற்று வீசும் இடத்தில், மஞ்சள் கேபிள் கொத்தின்மேல், பிழிந்த சீருடைக் கோட்டை விரித்தாள். கேபிள்களுக்குள் படங்களை ஒளியாகக் கடத்தும், தலைமுடி பருமனே உள்ள கண்ணாடி இழைகள் அதன் பாரத்தில் வளைந்தன; வளைந்தால் ஒளி கசியும், பிழை ஏறும். துருவிக்குச் சிரிப்பு பீறிட்டது. ஈரத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அக்கா, என்ன இது?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, கோட்டைக் கையால் மறைத்தாள். "ஒரு கோட்டுதாம்மா குடுத்திருக்காங்க. காலையில வார்டு கழுவினா நாறிப்போயிடும். ரெண்டு மணிக்குக் குழந்தைங்க வார்டு, அழுக்கோட போனா நர்ஸம்மா திருப்பி அனுப்பிடுவாங்க. இங்க சீக்கிரம் காயுது. சொட்டாம பிழிஞ்சுதான் போடுறேன். மேல சொல்லிடாதீங்கம்மா, வேலை போயிடும்."

துருவி கோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கேபிள்களை நிமிர்த்தினாள். அதற்குள் கைப்பேசி அடித்தது. மேலாளர்.

"காரணம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். கேபிள் மேல பாரம். எடுத்துட்டேன்."

"என்ன பாரம்? யாரு வெச்சது?"

எதிரே இரண்டு கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எழுதித் தரேன் சார்," என்று வைத்துவிட்டாள். என்ன எழுதப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் இவ்வளவு சூட்டையும் ஏசி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று மட்டும் சட்டென நினைவு வந்தது.

"வாங்கக்கா, மொட்டைமாடிக்கு."

அங்கே ஏசிப் பெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. எதிரே இருந்த கம்பியில் கோட்டை மாட்டினார்கள். வெந்நீர் ஆவிபோல் காற்று வந்து மோதியது. தொங்கிக் கிடந்த கோட்டுக் கை ஒன்று மெல்ல உப்பி, யாரோ நுழைத்துக்கொண்டதுபோல் முழங்கைவரை நிறைந்தது.

"எவ்வளவு நேரத்துல காயும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டாள் துருவி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இருங்க, பாப்போம்," என்றாள் அந்தப் பெண். இன்னொரு கையும் எழும்பத் தொடங்கியிருந்தது.