இறக்கைக்கு வெளியே ஒருவர், உள்ளே ஒருவர்

சண்டை விமானத்தின் இறக்கைத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்பவர் ரிவெட் துப்பாக்கியால் அடிப்பார். உள்ளே படுத்திருப்பவர் ஆணியின் வாலுக்கு இரும்புக் கட்டியை முட்டுக் கொடுப்பார். வால் சரியாக நசுங்கினால் உள்ளேயிருந்து ஒரு தட்டு. போதாவிட்டால் இரண்டு தட்டு, இன்னொரு அடி.

பதினோரு வருடமாக வெளியே அடித்தவருக்கு மச்சான் என்றே பெயர். உள்ளே படுக்கும் மாப்பிள்ளை, அவருடைய தங்கை புருஷன், அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பட்டறை முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டது.

ஒரு திங்கட்கிழமை நிர்வாகம் ஒரு அதிகாரியைக் கூட்டி வந்தது. கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் விழுந்தது. விமானத்தைத் தொடாத நொடியெல்லாம் வீண் என்பார். மூன்று நாள் பார்த்து ஜோடிக்கு ஒருவரைக் கழித்துவிடுவார்கள், அந்த இடத்துக்கு மெஷின் வரும் என்று அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிட்டார்கள்.

மச்சான் அதை இரண்டு தடவை படித்தார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் சேர்ப்பான்? மாப்பிள்ளை சின்ன வயசுக்காரன், எங்கேயாவது பிழைத்துக்கொள்வான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். தேற்றுவதற்கு என்ன இருந்தது, அந்தப் பாழும் மனசு முன்னமே தயாராகத்தான் இருந்தது.

கடிகாரத்தின் தாளில் "உள் ஆளுக்காகக் காத்திருந்த நேரம்" என்று ஒரு கட்டம் இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆணியையும் அரைகுறையாக அடித்தார். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்துகொண்டே இருந்தது. இவர் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி, "என்ன பண்றது சார், அவருக்கு எல்லாமே நிதானம்தான்" என்று உச்சுக்கொட்டினார்.

வியாழக்கிழமை கடிகாரம் அவரைத் தனியாக அழைத்தார்.

"வெளியிலதான் மெஷின் போடப் போறோம். உங்க அடி முதல் தடவையில உட்காரவே இல்ல."

"அவர்தான் சார் இரும்புக் கட்டியைச் சரியாப் பிடிக்கல!"

"அவரையும் கேட்டேன். மச்சானுக்குக் கை தளர்ந்துபோச்சு, ஒரு வருஷமா நான்தான் மூடி மறைச்சேன்னு சொன்னார். ரொம்ப வருத்தப்பட்டார்."

பச்சைப் பொய். திங்கட்கிழமை வரை ஒரு அடி பிசகியதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கை நன்றாக இருக்கிறது என்றால் மூன்று நாளாக என்ன செய்தாய் என்று கேட்பார்கள். போர் விமானத்தில் வேண்டுமென்றே அரைகுறையாக அடித்தவனுக்குச் சீட்டைக் கிழிப்பதோடு விடமாட்டார்கள், விலங்கும் மாட்டுவார்கள்.

"ஆமா சார், கை தளர்ந்துபோச்சு" என்றார். அவமானத்தில் காது எரிந்தது.

பெட்டியை எடுக்கப் போனபோது இறக்கையின் துவாரத்திலிருந்து மாப்பிள்ளையின் தலை நீண்டது.

"கிளம்பிட்டீங்களா மச்சான்? அந்த விளக்கைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பிட்டுப் போங்களேன்."

மச்சான் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.